தவணைக்கு வராதவர்கள்



திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வெளிநாட்டுக் கப்பல் நுழையும்போது அதன் கொடிமரத்தில் மஞ்சள் நிறக் கொடி ஒன்று பறப்பதைக் கரையோரத்தில் வளர்ந்த எங்களிற் பலர் சிறு வயதிலேயே கண்டிருக்கின்றோம். "எம் கப்பலில் நோய் இல்லை, கரையோடு கலந்து பழக அனுமதி தருக" என்பது அக்கொடி பேசும் மொழி. அனுமதி கிடைத்த பின்னரே கொடி இறங்கும். இது மிகப் பழைய வழக்கத்தின் எச்சம். இன்று துப்ரோவ்னிக் எனப் பெயர் வழங்கும் ஏட்ரியாட்டிக் கடற்கரை நகரம், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் முப்பது நாட்கள் ஒதுக்கிடத்தில் தங்கவேண்டும் என்று 1377ஆம் ஆண்டிலே விதித்தது. வெனிஸ் நகரத்தார் பின்னர் நாற்பது நாட்கள் என்று வகுத்தனர். நாற்பது என்னும் அந்த எண்ணுக்குரிய இத்தாலியச் சொல்லிலிருந்தே தனிமைப்படுத்தலுக்கான ஆங்கிலப் பெயர் பிறந்தது. நமது மலையகத் தமிழரின் முன்னோரும் இந்தக் கட்டாயக் காத்திருப்பை அறிந்தவர்களே. இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் முகாமிலே நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்ட பின்னரே அவர்கள் இலங்கைக்குக் கப்பலேறினர்.

ஆகவே, கொள்ளைநோய்க்கு மனிதன் கண்ட முதல் மருந்து காத்திருத்தல்தான். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொவிட் தொற்று நம் நாட்டிற் பரவத் தொடங்கியபோதும் நமக்குத் தரப்பட்ட மருந்து அதுவே. "வீட்டில் இருங்கள், பொறுத்திருங்கள்" என்று வானொலி சொல்லிற்று, பொலிசார் ஒலிபெருக்கியிற் சொல்லினர், நானும் சொன்னேன். சொல்லிய நம்மில் எத்தனைபேர், பொறுத்திருக்க இயலாத மனிதர் சிலர் நம்மிடையே உள்ளனர் என்பதை எண்ணிப் பார்த்தோம்? சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் குறித்த நாட்களில் வைத்தியசாலைக்குச் சென்று குருதியைச் சுத்திகரித்துக்கொண்டு வாழ்கின்றவர்களையே குறிப்பிடுகின்றேன். அவர்களால் நாற்பது நாள் பொறுக்க முடியாது. நான்கு நாள் பொறுப்பதே கடினம். அத்தகையோர் பெருந்தொற்றுக் காலத்தில் எவ்வாறு இறந்தனர் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

நான் வைத்தியன் அல்லன். தமிழும் வரலாறும் படித்த கலைப் பட்டதாரி. அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். சிறுநீரகத்தைப் பற்றி நான் அறிந்தவற்றுள் பெரும்பகுதி காலந்தாழ்த்தி அறிந்தது. அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. கொடுத்தவன் நான் அல்லன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு நீரை வடித்து, அதில் ஒன்றரை லீற்றர் அளவைக் கழிவோடு வெளியேற்றி, எஞ்சியதை மீட்டு உடலுக்கே கொடுக்கின்றன. இந்த வேலை நின்றுபோனால் மூன்று வகைத் துன்பம் வரும். கழிவுகள் குருதியிற் சேரும். குடித்த நீர் வெளியேறாமல் காலிலும் வயிற்றிலும் இறுதியில் சுவாசப் பையிலும் தேங்கும். பொட்டாசியம் என்னும் உப்பு ஏறி இதயத்தைத் திடீரென நிறுத்திவிடும். வாழைப்பழம், இளநீர், கீரை என நாம் நல்லது என்று எண்ணி நோயாளிக்குக் கொடுப்பவற்றிலேயே அவ்வுப்பு மிகுதியாக உள்ளது.

இயந்திரத்தால் குருதியைச் சுத்திகரிக்கும் முறையைக் கண்டவர் ஒல்லாந்து தேசத்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப். இரண்டாம் உலகப் போரில் அவருடைய நாடு ஜேர்மனியர் கையில் இருந்தபோது, கம்பென் என்னும் சிறு நகரத்து வைத்தியசாலையில், இறைச்சிக் கடைக்காரர் பயன்படுத்தும் செலொபேன் குழாயை மரச் சட்டத்தாலான உருளையிற் சுற்றி அவர் தம் முதல் இயந்திரத்தை அமைத்தார். முதலிற் சிகிச்சை பெற்றோருள் பெரும்பாலார் பிழைக்கவில்லை. 1945 செப்தெம்பரில் 67 வயது மூதாட்டி ஒருவர் கண் விழித்தார். அவர் பகைவரோடு சேர்ந்தவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். அவரைக் காப்பாற்றுவானேன் என்று கேட்டோரும் உண்டாம்! வைத்தியர் அக்கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. மூதாட்டி மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்று உலகெங்கும் வழங்கும் முறைப்படி ஒருவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் குருதி சுத்திகரிக்கப்பட வேண்டும். நம் நாட்டில் பலருக்கு இரண்டு முறையே வாய்க்கின்றது. அரசினர் வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆயினும் இயந்திரம் இலவசமாக இருந்தால் மட்டும் போதுமா? இயந்திரம் இருக்கும் இடத்துக்கு நோயாளி போய்ச்சேரவேண்டுமே!

இனி, எங்கள் பாடசாலைக் காவலாளியின் கதைக்கு வருகின்றேன்.

அவர் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். நாற்பத்தேழு வயது. நீரிழிவும் குருதி அமுக்கமும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டன. செவ்வாயும் சனியும் அவருடைய முறை நாட்கள். வேலை நாட்களில் பாடசாலையிலேயே தங்குவார் ஆதலால் அவருக்கு வைத்தியசாலை தூரமன்று. விடியற்காலையில் தேநீர் குடிக்காமல் நடந்தே போய்விடுவார். தேநீரையும் அவர் அளந்துதான் குடிப்பார். மாலையில் வந்து கதிரையில் அமர்ந்து, "இண்டைக்கு இரண்டு கிலோ இறக்கிப் போட்டாங்கள், சேர்" என்று, கடையிற் சாமான் நிறுத்தவர்போலச் சொல்லிச் சிரிப்பார். உடலில் தேங்கிய நீரின் நிறையைத்தான் அவ்வாறு சொல்லுவார்.

2020 மார்ச் 13ஆந் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலையே இல்லாதபோது காவலாளி ஏன் இங்கு தனித்திருக்கவேண்டும் என்று எண்ணி, "வீட்டிலே போய்ப் பிள்ளைகளோடு இரு, தம்பி" என்று நானே அனுப்பிவைத்தேன். அன்பினாலே செய்த காரியம்தான். ஆனால், வைத்தியசாலைக்கும் அவருக்குமிடையே ஒரு குடாக் கடலை நான் வைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வள்ளத்தில் வந்து சிகிச்சை பெற்றுத் திரும்பினார். மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. திங்கட்கிழமை காலை வரை அது நீடிக்கும் என்று அறிவித்தனர்.

சனிக்கிழமை விடியற்காலையில் என் தொலைபேசி ஒலித்தது. "சேர், இண்டைக்கு என்ர முறை. வள்ளம் ஓடவில்லையாம். பொலிசில் ஒருக்கால் சொல்லிவிடுவீங்களோ?" என்றார்.

நான் சொன்ன மறுமொழியை இங்கே அப்படியே சொல்லுகின்றேன். "இரண்டு நாள் பொறு, தம்பி. திங்கட்கிழமை ஊரடங்கு தளரும். இந்த நேரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது."

"சரி சேர்" என்றார். அதிபர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவர்க்கும் பெற்றோர்க்கும் புத்தி சொல்லிப் பழகிய நாக்கு எனது. தெரியாத பொருளிலும் அது தயங்குவதில்லை. ஊரடங்கு வேளையிலும் வைத்தியத் தேவைக்காகப் போவோரைத் தடுப்பதில்லை என்பதைப் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு முறை தொலைபேசியிற் பேசியிருந்தால் அறிந்திருப்பேன். பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஊரடங்கு சில மணி நேரம் தளர்ந்தது. மூன்று நாள் அடைபட்டிருந்த சனம் முழுவதும் தெருவிலே. அரிசிக்கும் மாவுக்கும் வரிசை. மகனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்ந்து, கிண்ணியாப் பாலத்தின் வழியாகச் சுற்றி அவர் நகரத்துக்கு வந்துசேரப் பத்து மணியாயிற்று. அன்று இயந்திரங்களில் திங்கட்கிழமைக்குரியவர்கள் இருந்தனர். அவருக்கோ மூச்சு வாங்கிற்று, இருமலும் இருந்தது. வாசலிலே எல்லோரிடமும் கேட்கப்பட்ட கேள்வி அவரிடமும் கேட்கப்பட்டது: காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா? உண்மையைச் சொன்னார். தனியறையில் வைத்து மாதிரி எடுத்தார்கள். அந்நாட்களில் மாதிரியை வேற்றூருக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். தொற்று உண்டோ இல்லையோ என்பது தெரியாமல் அவரை மற்ற நோயாளிகள் பன்னிருவர் இருக்கும் மண்டபத்துக்குள் கொண்டுபோக எவரும் துணியவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு அவர் இறந்தார். தொற்று இல்லை என்ற பதில் மறுநாள் வந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். சுத்திகரிப்புக்குச் செல்லாத சிறுநீரக நோயாளிக்கு மூச்சு வாங்குவது ஏன்? சுவாசப் பையில் நீர் தேங்குவதால். கொவிட் நோயாளிக்கு மூச்சு வாங்குவது ஏன்? சுவாசப் பையில் அழற்சி உண்டாவதால். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவதற்கு மருந்து சுத்திகரிப்பு. உடனே செய்தால் சில மணி நேரத்தில் நோயாளி எழுந்து உட்காருவார். இரண்டாவதற்கோ ஒதுக்கிவைத்தல் முதல் வேலை. ஒதுக்கிவைத்தலால் சுத்திகரிப்புத் தாமதிக்கின்றது. தாமதத்தால் மூச்சு மேலும் திணறுகின்றது. திணறல் மிக மிகச் சந்தேகமும் மிகுகின்றது. உலகின் பல நாடுகளிலும் அந்த முதல் மாதங்களில் இத்தகைய சுழலிற் சிறுநீரக நோயாளிகள் அகப்பட்டனர். நாளடைவில் வைத்தியசாலைகள் பாடம் கற்றன. சந்தேகத்துக்குரியவர்க்கென ஓர் இயந்திரத்தைப் புறம்பாக ஒதுக்கினர். அல்லது நாளின் கடைசி முறையில் அவர்களை ஏற்றுக்கொண்டு, பின்னர் மண்டபத்தைக் கழுவினர். உடல் முழுவதையும் மூடிய அங்கியுள் வியர்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் இயந்திரத்தருகே நின்ற தாதியரை நான் பின்னர் கண்டேன். வாசலிலே கேள்வி கேட்டவரையோ தனியறைக்கு அனுப்பியவரையோ குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. சனிக்கிழமைத் தவணையைத் தவறவைத்தது அவர்கள் அல்லரே.

அவருடைய மரணச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதப்பட்டிருந்தது. அது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. நான்கு நாள் கழித்து, மார்ச் 28ஆந் திகதி, இலங்கையின் முதலாவது கொவிட் மரணம் அறிவிக்கப்பட்டது. மாரவிலையைச் சேர்ந்த, அறுபது வயதளவான, நீரிழிவும் குருதி அமுக்கமும் உள்ள ஒருவர் அவர். அவரிலிருந்து நாடு எண்ணத் தொடங்கியது. எங்கள் காவலாளி அந்த எண்ணிக்கைக்கு முன்னரும் இல்லை, பின்னரும் இல்லை.

அவரைப்போன்றோர் எத்தனைபேர்? அயல்நாட்டில் அன்று எடுத்த ஒரு கணக்கு எனக்குக் கிடைத்தது. 2020 மார்ச் இறுதியில் இந்தியா முடக்கப்பட்டபோது, அந்நாட்டின் அரசினர், தனியார் வைத்தியசாலைகள் பத்தொன்பதில் சிறுநீரக வைத்தியர்கள் தங்கள் நோயாளரை எண்ணிப் பார்த்தனர். முடக்கத்துக்குமுன் அங்கே சுத்திகரிப்புப் பெற்றவர் 2517 பேர். அவருள் 710 பேர் ஒரு தவணையையேனும் தவறவிட்டனர். 69 பேர் ஆபத்தான நிலையில் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டனர். 9 பேர் இறந்தது உறுதியாயிற்று. 104 பேர் பின்னர் வரவே இல்லை.

அந்த ஒன்பதைக் கண்டு ஆறுதல் அடையலாகாது, நூற்றுநான்கைக் காணவேண்டும். இதை எனக்குச் சொல்லித்தர வைத்தியர் தேவையில்லை; பாடசாலை வரவு இடாப்பு போதும். ஒரு பிள்ளை வராவிட்டால் இடாப்பிலே ஒரு குறி விழும். அந்தக் குறி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லாது. தகப்பனோடு மீன்பிடிக்கப் போய்விட்டான் என்றும் சொல்லாது. வரவில்லை என்று மட்டுமே சொல்லும். குறிகள் அடுத்தடுத்து விழுந்தால் ஆசிரியர் வீட்டுக்குப் போகவேண்டும். போகாத ஆசிரியர், ஒரு நாள் அப்பெயருக்கு நேரே "விலகல்" என்று எழுதிவிட்டு இடாப்பை மூடிவிடுவார். தொற்றாளர் பட்டியலில் மட்டும் சிறுநீரக நோயாளரின் சாவைத் தேடினால் பாதியையே காண்போம். மற்றப் பாதி சுத்திகரிப்புப் பிரிவின் வரவு ஏட்டிலே, அடுத்தடுத்து விழுந்த வெற்றுக் கட்டங்களாக இருக்கின்றது.

தொற்றினால் நேரே இறந்தவரும் பலர். 2021 ஏப்ரல் இறுதியில் திருகோணமலை நகரை ஒட்டிய சில கிராம சேவகர் பிரிவுகளே தனிமைப்படுத்தப்பட்டன. ஆகஸ்ட் மாதத்தில் டெல்ற்றா வகை நாட்டை உலுக்கி, நாளொன்றுக்கு இருநூறு மரணம் என்ற அளவுக்குப் போயிற்று. ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் முதலாந் திகதி வரை மீண்டும் ஊரடங்கு. எல்லாவற்றையும் கூட்டினால் பதினாறாயிரத்துக்கும் அதிகமான நம் நாட்டவரைக் கொவிட் கொண்டுபோயிற்று. இரண்டாம் அலையின்போது ஒவ்வோர் இரவும் வெளிவந்த மரண அறிவித்தலில் வயது, ஊர், மரணத்துக்கான காரணம் எனப் பலவும் வாசிக்கப்பட்டன. "நாட்பட்ட சிறுநீரக நோய்" என்ற சொற்கள் அவற்றில் எத்தனை முறை வந்தன! அச்சொற்களைக் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், உடல்நலம் உள்ள பலருக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. "அவருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது, நமக்கு இல்லை." ஏற்கெனவே நோய் இருந்தவர் ஏற்கெனவே இறந்தவர் அல்லர். சனிக்கிழமை சிகிச்சை பெற்று, ஞாயிற்றுக்கிழமை வலை பொத்தி, திங்கட்கிழமை பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துவந்தவர் அவர்.

ஐரோப்பிய நாடுகளில் 2020ஆம் ஆண்டின் முதல் அலையில் தொற்றுக்குள்ளான சுத்திகரிப்பு நோயாளருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் இருபத்தெட்டு நாட்களுள் இறந்தனர். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நிலையும் அதுவே. புதிய உறுப்பை உடல் உதறித் தள்ளாதிருக்க அவர்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, நோயை எதிர்க்கும் ஆற்றலையும் அடக்கிவிடுகின்றது. தடுப்பூசி வந்த பின்னரும் அவர்களுடைய உடல் அதற்கு அரைகுறையாகவே விடையளித்தது. ஆகையால்தான் இத்தகையோர்க்கு மூன்றாவது ஊசியும் வேண்டும் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஐக்கிய அமெரிக்காவில், அரைநூற்றாண்டாக ஆண்டுதோறும் ஏறிவந்த சுத்திகரிப்பு நோயாளர் தொகை, அப்பெருந்தொற்றிலே முதன்முறையாகக் குறைந்தது. நோய் குறைந்து அன்று, நேயர்களே, நோயாளர் குறைந்து.

அந்நாட்டிலே 1960களில் நடந்த ஒன்றையும் நினைவூட்டலாம். சியாற்றில் நகரத்து வைத்தியர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலே நிலையாகப் பொருத்தத்தக்க குழாயொன்றை 1960இல் அமைத்ததனாலேயே ஆண்டுக்கணக்கான சுத்திகரிப்பு இயல்வதாயிற்று. இயந்திரங்களோ மிகச் சில. எவரைச் சேர்ப்பது, எவரைக் கைவிடுவது எனத் தீர்மானிக்கப் பொதுமக்களிலிருந்து எழுவர் கொண்ட குழு ஒன்றை அமைத்தனர். ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி என்று. அச்செய்தி 1962இல் வெளியானபோது உலகம் திடுக்கிட்டது. நம் நாளில் அப்படிக் குழு அமைத்து எவரும் தீர்ப்பளிக்கவில்லை. வள்ளம் ஓடாமை தீர்ப்பளித்தது. பேருந்து இல்லாமை தீர்ப்பளித்தது. என்னைப்போன்ற ஒருவரின் தொலைபேசி மறுமொழியும் தீர்ப்பளித்தது.

இன்னொரு தடையும் எங்கள் மாவட்டத்தில் இருந்தது. அதைச் சொல்லாது விட்டால் இப்பேச்சு நேர்மையானதாகாது. கொவிட்டால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளிவந்தது. அடக்கம் செய்யலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம் மக்களுக்கு உடலை எரித்தல் சமய நெறிக்கு முற்றிலும் மாறானது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், சிறுநீரகம் பழுதடைந்த உம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது பிள்ளைகள் நோயாளர் காவு வண்டியை அழைக்கத் தயங்கினர். அங்கே போய் இறந்து, கொவிட் என்று எழுதப்பட்டால் உடல் திரும்பி வராதே என்பதுதான் அவர்களது அச்சம். நல்லவேளையாக உம்மா தாமே, "என்னைக் கொண்டுபோங்க, மௌத்தைப் பிறகு பார்ப்பம்" என்றாராம். அவர் பிழைத்தார். 2021 பெப்ரவரி இறுதியில் அந்த விதி நீக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அரசாங்கம் இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அச்சத்தால் வைத்தியசாலைக்கு வராது வீட்டிலேயே கண்மூடியவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

எங்கள் மாவட்டத்தின் மேற்கெல்லையில் பதவி சிறிபுர போன்ற விவசாயக் குடியிருப்புகள் உள்ளன. நீரிழிவும் குருதி அமுக்கமும் இல்லாத உழவர்களிடையே, 1990களில் வடமத்திய மாகாணத்திற் கண்டறியப்பட்ட காரணம் தெரியாச் சிறுநீரக நோய் அப்பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மையா, புளோரைட்டா, விவசாய இரசாயனமா, வெயிலில் நீரின்றி உழைப்பதா என்று ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். 2021 ஜூன் மாதத்தில், தொற்றின் நடுவிலேயே, சீன அரசின் உதவியோடு பொலன்னறுவையிற் சிறுநீரகத்துக்கெனத் தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது, நல்ல காரியம். ஆனாற் சிறிபுரவிலிருந்து பொலன்னறுவைக்கும் ஒரு வழி வேண்டுமன்றோ.

வழியே வேண்டாத முறையும் ஒன்று உண்டு. வயிற்றறையுள் ஒரு மெல்லிய குழாயின் மூலம் திரவத்தை நிரப்பி, சில மணி நேரங் கழித்து வடித்துவிடும் முறை அது. நோயாளி வீட்டிலிருந்தே தாமாகச் செய்துகொள்ளலாம். ஹொங்கொங் 1985 முதல் இதனையே முதன்மையாகக் கைக்கொண்டது. தாய்லாந்து 2008இல் அவ்வழியைப் பின்பற்றியது. கையும் இடமும் தூய்மையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வயிற்றினுள்ளே கிருமி புகும். ஓலைக் குடிசையில் நான்கு பிள்ளைகளோடு வாழ்பவர்க்கு எல்லோரும் பரிந்துரைக்கத் தயங்குவது இதனாலேதான். ஆயினும் வீதி மூடப்பட்ட நாட்களில் அம்முறையில் இருந்தவர் பொலிசாரின் அனுமதியை நாடவேண்டியிருக்கவில்லை. நம் நாட்டிலும் அம்முறை விரிய இடமுண்டு என்பது என் கருத்து, வைத்தியர் ஆராய்க. மருந்தைப் பொறுத்தவரை நம் நாடு அப்போது ஒரு நல்ல வழி கண்டது. கிளினிக் மருந்துகளைப் பொதி செய்து தபாற்காரர் வழியே வீட்டுக்கு அனுப்பினர். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஓர் ஆசிரியைக்குத் தம் மாத்திரைப் பொதியைத் தபாற்காரர் படலையில் வைத்துவிட்டு மணியடித்துச் சென்றதைப் பற்றி இன்றும் கண் கலங்கச் சொல்லுகின்றார். மாத்திரையைத் தபாலில் அனுப்பலாம். இயந்திரத்தை அனுப்ப முடியாதே.

முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு என்னாற் போகமுடியவில்லை, ஊரடங்கு. மே மாத இறுதியிலேயே காவலாளியின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என்னைக் குறைசொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அந்தத் தொலைபேசிப் பேச்சு தெரிந்தே இருந்தது. "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்" என்றார். குறை சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கிளினிக் கொப்பியை எடுத்து என்னிடம் தந்தார். வரவேண்டிய திகதிகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மார்ச் 17க்கு நேரே கையொப்பம். 21, வெறுமை.

அக்கொப்பியைப் பார்த்தே நாங்கள் ஒரு வேலை தொடங்கினோம். பெரிய இயக்கம் ஒன்றுமில்லை. ஆசிரியர் சிலரும் கிராம சேவகர் இருவரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும் சேர்ந்து, எங்கள் சுற்றுவட்டத்திற் சுத்திகரிப்புக்குச் செல்வோர் யார் யார் என்று விசாரித்து, ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதினோம். பெயர், முறை நாள், போகும் வழி, அழைத்துச் செல்பவர், அவர் வராவிட்டால் அடுத்தவர். பதினொரு பெயர்கள் சேர்ந்தன. ஒவ்வொரு முறை நாளுக்கும் முதல் நாள் மாலையில் அவரவரை அழைத்து, "நாளைக்கு வழி உண்டா?" என்று கேட்பதே வேலை. பதினொருவரில் மூவரை 2021 ஆகஸ்டிலும் செப்தெம்பரிலும் தொற்றே கொண்டுபோயிற்று. எங்கள் கொப்பியினால் அதைத் தடுக்க முடியவில்லை.

2022இல் தொற்று ஓய்ந்தது. எரிபொருள் ஓய்ந்தது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பெற்றோல் விற்பதில்லை என்று அரசு அறிவித்தபோது, ஊரடங்கு இல்லாமலே தெருக்கள் வெறுமையாயின. எட்டுப் பேருக்கும் மீண்டும் பழைய கதை வந்துவிடுமோ என்று அஞ்சினோம். ஆசிரியர்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களிலிருந்து போத்தல் போத்தலாகப் பெற்றோல் எடுத்து ஓர் ஓட்டோவுக்கு ஊற்றினர். கணித ஆசிரியர் ஆறு வாரம் சைக்கிளிலே பாடசாலைக்கு வந்தார். ஒரு நாள் இறால்குழிப் பக்கம் ஓட்டோவின் சக்கரம் காற்றுப்போய், நோயாளி இரண்டு மணி நேரம் பிந்திவிட்டார். தாதியிடம் தொலைபேசியில் முன்னரே சொல்லியிருந்தோம். அவர் அன்றைய கடைசி முறையில் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது அந்தக் கொப்பி எங்கள் புதிய காவலாளியிடம் இருக்கின்றது. மாலையில் வாயிற்கதவைப் பூட்டிய பின்னர், அவர் அதைத் திறந்து, மறுநாள் முறையுள்ளவர்களை ஒவ்வொருவராக அழைக்கின்றார்.